சின்னையன் தின்ற குடில்

கத்தரீனாள் போனில் அந்தப் பொய்யைச் சொன்னபோது செல்வலட்சுமி பக்கத்தில் நின்று துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"கடையில வாங்குற பழக்கமே எங்க வீட்டுல கிடையாது பாத்துக்கிடுங்க. ஸ்டாரு, குடிலு, பிள்ளைகளுக்குக் குடுக்கிற பரிசு, எல்லாமே கையாலதான் செய்வோம். ஆமா. வருசா வருசம்."

பிழிந்த சேலையைக் கையில் பிடித்தபடியே செல்வலட்சுமி திரும்பிப் பார்த்தாள். கத்தரீனாள் வீட்டு வாசலில் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் தொங்குவது மூணாறு பஜாரில் வாங்கிய பிளாஸ்டிக் ஸ்டார். குடில் என்பது கவிழ்த்து வைத்த அட்டைப்பெட்டியும் அதன்மேல் ஒரு கை வைக்கோலும். பரிசு என்றால் மிட்டாய் பாக்கெட்.

போன் பேசி முடித்த கத்தரீனாள் வேலிப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"யாருக்கா?"

"சம்மந்தியம்மா. அவுக வீட்டுல எல்லாம் கையால செய்யுறதுதானாம். கோலம், மாலை, அப்பளம், வடாம். கிறிஸ்துமஸுக்கு நீங்க என்ன செய்வீகன்னு கேட்டாக. நான் என்ன சொல்லட்டும்? வாய் தன்னால வந்துட்டு."

"வாய் வந்துட்டு, சரி. கை எங்கக்கா இருக்கு?"

கத்தரீனாள் தன் வலது கையைக் குனிந்து பார்த்தாள். முழங்கையிலிருந்து விரல்முட்டி வரை மாவுக்கட்டு. மழை ஈரத்தில், சரிவில் நின்று கொழுந்து எடுக்கும்போது வழுக்கி விழுந்ததில் எலும்பு முறிந்திருந்தது. கட்டுப் பிரிக்கப் பொங்கல் ஆகும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள்.

"நீதான் இருக்கியே" என்றாள் கத்தரீனாள்.

மூணாறிலிருந்து மறையூர் போகும் சாலையை விட்டுப் பிரிந்து எஸ்டேட் மண்பாதையில் ஏறினால் மேல் டிவிஷன் வரும். அங்கே ஒரே கூரையின் கீழ் வரிசையாக நிற்கும் லயத்து வீடுகளில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து வீடு. நடுவில் ஒரே சுவர். செல்வலட்சுமி தேயிலைத் தொழிற்சாலையில் பாக்கிங் பிரிவில் இருந்தாள். அவள் கணவன் முனீஸ்வரன் சுற்றுலாக்காரர்களுக்கு ஜீப் ஓட்டினான். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. கத்தரீனாளுக்கு மோனிஷா ஒருத்திதான். புருஷன் இறந்தபோது மோனிஷா பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்தாள். தாய் மலையேறிக் கொழுந்து எடுக்கப் போனால், அவள் வளர்ந்ததெல்லாம் செல்வலட்சுமி வீட்டில். எழுத்துக் கூட்டிப் படித்ததும் அங்கேதான், வயதுக்கு வந்த நாளில் பயந்து ஓடி வந்து கட்டிக்கொண்டதும் செல்வலட்சுமியைத்தான்.

அந்த மோனிஷா நர்ஸுக்குப் படித்து, பாலக்காட்டில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே ஒரு பேங்கில் இருந்த அமர்நாத்தைக் காதலித்து, ஆடி மழையில் ரிஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணமும் செய்துகொண்டாள். அமர்நாத் கல்பாத்தி அக்கிரகாரத்துப் பையன். அவன் அப்பா துரைசுவாமி கல்யாணத்துக்கு வரவில்லை. அதன்பிறகும் மருமகளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அம்மா சுப்புலட்சுமிதான் முதலில் போனில் பேசிப் பழகினாள். இப்போது கிறிஸ்துமஸுக்குப் பிள்ளையோடும் மருமகளோடும் தானும் வருகிறேன் என்று சொல்லியிருந்தாள்.

கத்தரீனாளுக்கு உறக்கம் போனதில் ஆச்சரியம் இல்லை.

"அவுக வர்ற அன்னைக்கு இங்க ஒரு பிளாஸ்டிக் ஸ்டாரு தொங்கிச்சுன்னு வையி, என் மானம் போச்சு" என்றாள்.

"எனக்கு ஸ்டார் செய்யவே தெரியாதுக்கா. நான் கார்த்திகைக்கு விளக்கு வைக்கிறவ."

"எனக்கு மட்டும் தெரியுமா? ரெண்டு பேரும் சேந்து பாப்போம்."

சேர்ந்து என்றால், கத்தரீனாள் நாற்காலியில் உட்கார்ந்து இடது கையால் சுட்டிக்காட்டுவது, செல்வலட்சுமி செய்வது என்று பொருள். அது முதல் சாயங்காலமே தெரிந்துவிட்டது.

முனீஸ்வரன் ஓடைக்கரையில் ஈற்றை மூங்கில் வெட்டிக்கொண்டு வந்தான். விரல் கனத்தில் மெல்லியது, வளைத்தால் ஒடியாது. அதை நீளமாகக் கீறி, ஐந்து முனை வருகிறாற்போல் இரண்டு சட்டங்கள் கட்டி, இரண்டையும் முனைகளில் சேர்த்துக் கட்டி, நடுவில் சிறு குச்சிகளை முட்டுக் கொடுத்தார்கள். போனில் ஒரு வீடியோவைப் பார்த்துத்தான் எல்லாம். வீடியோவில் வந்த பெண் அதை ஒரு மூச்சில் கட்டி முடித்தாள். இவர்களுடையது முதலில் நண்டு மாதிரி வந்தது. அவிழ்த்துக் கட்டியதும் நான்கு முனை நேராகவும் ஒரு முனை சற்று மொண்ணையாகவும் வந்தது.

"அது கீழ்ப்பக்கம் வரட்டும். யாரும் பாக்க மாட்டாக" என்றாள் கத்தரீனாள்.

மேலே ஒட்ட வண்ணத்தாள் வாங்கலாம் என்று முனீஸ்வரன் சொன்னான். கடையில் வாங்கவே கூடாது என்று கத்தரீனாள் பிடிவாதம் பிடித்தாள். பொய் சொன்னபிறகு அதற்கு நேர்மையாக இருக்க வேண்டும் என்று அவளுக்கு ஒரு கணக்கு. செல்வலட்சுமி தொழிற்சாலையில் சூப்பர்வைசரிடம் கேட்டு, தேயிலைப் பை செய்யும் தாள் ஒரு உருளை வாங்கி வந்தாள். அச்சு இரட்டை இரட்டையாக விழுந்து ஒதுக்கிப் போட்டது. வெளிப்பக்கம் கலங்கிய எழுத்து. உள்பக்கம் வெள்ளி போல மின்னியது. அந்தப் பக்கம் வெளியே தெரியும்படி சட்டத்தின்மேல் இழுத்து ஒட்டினார்கள். உள்ளே பல்பு தொங்கவிட்டு, சாயங்காலம் முனீஸ்வரனை அழைத்து சுவிட்ச் போட்டுக் காட்டினார்கள்.

ஒன்றும் தெரியவில்லை. அடியில் பொருத்திய இடுக்கு வழியாக ஒரு கீற்று வெளிச்சம் மட்டும் தரையில் விழுந்தது.

முனீஸ்வரன் சுற்றி வந்து பார்த்தான். "நல்லாத்தான் இருக்கு. உள்ள சோறு வச்சா ஆறாது" என்றான்.

செல்வலட்சுமிக்கு அழுகை வரவில்லை, சிரிப்புதான் வந்தது. கத்தரீனாளுக்கு அழுகை வந்தது. சிரித்து முடித்த பிறகு செல்வலட்சுமி கோணி ஊசியை எடுத்தாள். வெள்ளித் தாளில் ஒரு ஓட்டை போட்டாள். அந்த ஓட்டை வழியாக ஒரு பொட்டு வெளிச்சம் சுவரில் போய் விழுந்தது. இன்னொன்று போட்டாள். பிறகு நிறுத்தவில்லை. அந்த வாரம் முழுக்க வேலைவிட்டு வந்ததும் ஸ்டாரை மடியில் வைத்துக்கொண்டு குத்தினாள். முடிவில் சுவிட்சைப் போட்டபோது வராந்தாச் சுவர், தரை, கூரைத் தகரம், முனீஸ்வரனின் சட்டை என்று எங்கும் பொட்டுப் பொட்டாக ஒளி விழுந்து, காற்றில் ஸ்டார் திரும்பும்போது அவையும் திரும்பின. பக்கத்து வீடுகளிலிருந்து ஆட்கள் வந்து பார்த்தார்கள்.

"நாங்க எப்பவும் இப்படித்தான் செய்யுறது" என்று கத்தரீனாள் அவர்களிடமும் சொன்னாள். அவளுடைய பழைய ஸ்டாரை வருடாவருடம் பார்த்தவர்கள் அவர்கள்.

குடிலுக்குக் கூரை முனீஸ்வரன் பொறுப்பு. மறையூருக்கு சவாரி போன நாளில், கரும்பாலைக் கொட்டகையிலிருந்து ஒரு கட்டுக் கரும்புத்தோகையும் வைக்கோலும் உருண்டை வெல்லமும் ஜீப்பில் ஏற்றி வந்தான். மூங்கிலில் சட்டம் கட்டி, தோகையை அடுக்கி, நிஜக் குடிசைக்கு வேய்கிற மாதிரியே வேய்ந்தான். செல்வலட்சுமி வெல்லத்தைப் பாகு காய்ச்சி, சுக்கும் ஏலக்காயும் தட்டிப் போட்டு, வறுத்த நிலக்கடலையைக் கொட்டி உருண்டை பிடித்தாள். மிச்சமிருந்த வெள்ளித் தாளில் ஒவ்வொன்றாகச் சுற்றி, பழைய ஸ்வெட்டரைப் பிரித்த சிவப்பு நூலால் முடிச்சுப் போட்டு, லயத்தில் ஒரு பிள்ளையும் விட்டுப்போகாமல் கூடை நிறைய அடுக்கினாள்.

விருந்தாளிகள் வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம் எல்லாம் கத்தரீனாள் வீட்டு வராந்தாவில் தயாராக இருந்தது. மேலே ஸ்டார். கீழே குடில். குடிலுக்குள் மாதா, சூசையப்பர், ஆடு மாடுகள். குழந்தை ஏசு சொரூபத்தை மட்டும் பெட்டியிலிருந்து எடுக்கவில்லை. அதை நடுச்சாமப் பூசை முடிந்துதான் வைப்பார்கள். குடில் பக்கத்தில் கடலை உருண்டைக் கூடை.

"அந்தக் கூடையை உள்ள எடுத்து வச்சிரு செல்வி" என்றாள் கத்தரீனாள்.

"உள்ள அடுப்புச் சூட்டுல இளகிரும்க்கா. இங்கன குளுருல கெட்டியா இருக்கட்டும்."

"சின்னையன் வந்தா?"

சின்னையன் என்பது ஒற்றைக் கொம்பன் யானை. லயத்துக்காரர்கள் வைத்த பெயர். வருடத்தில் சில மாதம் அந்தப் பக்கம் சுற்றும். யாரையும் துரத்தியதில்லை. ஆனால் ரேஷன் கடைக் கதவையும் வாழைத் தோட்டங்களையும் விட்டுவைத்ததில்லை. அது எங்கே நிற்கிறது என்று சொல்வதற்காகவே எல்லார் போனிலும் ஒரு வாட்ஸப் குரூப் இருந்தது. செல்வலட்சுமி எடுத்துப் பார்த்தாள்.

"ஆத்துக்கு அந்தப் பக்கம் நிக்காம்க்கா. போட்டோ போட்டிருக்காங்க."

விடியற்காலை, பனி வெளுக்கும் நேரத்தில் வராந்தாவில் ஏதோ முறிகிற சத்தம் கேட்டு இரண்டு வீட்டிலும் எழுந்தார்கள். முனீஸ்வரன் ஜன்னலைத் திறந்தவன் அப்படியே நின்றுவிட்டான். செல்வலட்சுமி அவன் தோளுக்கு மேலாகப் பார்த்தாள்.

சின்னையன் விருந்துக்கு வந்தவனைப் போல அவசரமே இல்லாமல் நின்றது. குடிலின் கூரையை முதலில் முழுதாகத் தூக்கி, காலில் தட்டி மண் உதறி, தின்றது. பிறகு வைக்கோல். பிறகு கூடை. உருண்டைகளைத் தரையில் கொட்டி, காலால் மெல்ல அமுக்கி, வெள்ளித் தாளைத் தும்பிக்கையால் ஒதுக்கிவிட்டு உள்ளே இருந்ததை மட்டும் பொறுக்கியது. ஒன்றைக்கூட விடவில்லை. திரும்பும்போது ஸ்டாரின் கயிறு கொம்பில் சிக்கியது. தலையை ஒரு ஆட்டு ஆட்டியது. ஸ்டார் பறந்து போய்த் தேயிலைக்குள் விழுந்தது. லயத்தில் தட்டு அடித்தார்கள், கத்தினார்கள், டார்ச் அடித்தார்கள். அது தின்று முடித்த பிறகுதான் கிளம்பியது.

வனத்துறைக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போன பின் கத்தரீனாள் வராந்தாவுக்கு வந்தாள். சூசையப்பருக்குத் தலை இருந்தது, கை இல்லை. மாடு இரண்டாக உடைந்திருந்தது. தரையெல்லாம் கசங்கிய வெள்ளித் தாளும் சிவப்பு நூலும் யானை எச்சிலும்.

"சொன்னேன்ல. உள்ள வைன்னு சொன்னேன்ல."

"அக்கா, நான் எப்படி..."

"உம் பிள்ளை வர்ற நாளா இருந்தா இப்படிப் போட்டுட்டுப் போயிருப்பியா நீ?"

சொன்னதும் கத்தரீனாளுக்கே அது உறைத்தது. ஆனால் வாயிலிருந்து வந்துவிட்டது. செல்வலட்சுமி கையிலிருந்த விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, படியிறங்கித் தேயிலைக்குள் நடந்தாள். முனீஸ்வரன் பின்னால் கூப்பிட்டான். மூணாறு பஸ் ஸ்டாண்டுக்கு விருந்தாளிகளைக் கூட்டிவரப் போக வேண்டும், நேரமாகிவிட்டது, அவனும் ஜீப்பை எடுத்துக்கொண்டு போனான்.

செல்வலட்சுமி மேலே கவாத்துக் காட்டுக்குப் போய் ஒரு பாறையில் உட்கார்ந்தாள். சில மாதங்களுக்கு முன்பு தேயிலைச் செடிகளை முட்டி உயரத்துக்கு வெட்டிவிட்ட இடம் அது. வெட்டிய குச்சிகள் வரிசைகளுக்கு நடுவே காய்ந்து கிடந்தன. அவள் கொஞ்ச நேரம் அழுதாள். அழுது முடித்துப் பார்க்கும்போது, சின்னையனின் கால்தடம் கவாத்துக் காட்டின் ஓரமாக, வளர்ந்த செடிகளுக்கு நடுவே நேராகப் போவது தெரிந்தது. அத்தனை பெரிய உடம்பு போன வழியில் ஒரு கொழுந்து கடிபடவில்லை. தேயிலையை யானை தின்னாது. மாடுகூடத் தின்னாது. பிறந்ததிலிருந்து தெரிந்த விஷயம்தான். அன்றைக்குத்தான் அதற்கு ஒரு உபயோகம் இருப்பதாக அவளுக்குத் தோன்றியது.

எழுந்து குச்சி பொறுக்க ஆரம்பித்தாள். கோணலும் முடிச்சுமாக, சாம்பல் நிறத்தில், பார்க்கச் சின்னச் சின்ன மரங்களைப் போலவே இருந்தன. எட்டாத சரிவில் கவாத்து வெட்டாமல் விட்ட செடிகள் பூத்திருந்தன. வெள்ளை இதழ், நடுவில் மஞ்சள் பொடி. யாரும் தேயிலைப் பூவைத் தலையில் வைத்துக்கொள்வதில்லை. அவள் சேலை முந்தானையைக் கட்டி அதில் பூவைப் பறித்து நிரப்பினாள். குச்சிக் கட்டைத் தலையில் தூக்கிக்கொண்டு பாதையில் இறங்கும்போது எதிரே முனீஸ்வரனின் ஜீப் வந்து நின்றது.

"சித்தி" என்று கத்திக்கொண்டு மோனிஷா குதித்து இறங்கி ஓடி வந்தாள். பின்னால் அமர்நாத் இறங்கினான். அவனுக்குப் பின்னால், முன்னே பின்னே ஜீப்பில் ஏறியிராத ஒரு அம்மாள், கம்பியைப் பிடித்து மெதுவாகக் கால் வைத்து இறங்கினாள். நரைத்த தலை, மூக்குக் கண்ணாடி, பட்டுச் சேலைக்கு மேலே ஒரு சால்வை. அவள்தான் சுப்புலட்சுமி.

"செல்வலட்சுமிதானே நீங்க? மோனிஷா சொல்லிச் சொல்லி எனக்கு முகம்கூடத் தெரியுமாக்கும்" என்றாள். பிறகு தலைச்சுமையைப் பார்த்தாள். "இது குடிலுக்கா? எல்லாம் கையால பண்ணுவேள்னு உங்க அக்கா சொன்னா. நான் அதைப் பாக்கணும்னே வந்தேன் கேட்டேளா."

செல்வலட்சுமி முனீஸ்வரனைப் பார்த்தாள். அவன் ஸ்டியரிங்கைப் பார்த்தான். வழியில் அவன் எதுவும் சொல்லவில்லை என்று புரிந்தது.

"செஞ்சோம்மா. காலையில யானை வந்து தின்னுட்டு."

"எதை?" என்றான் அமர்நாத்.

"குடிலை. பரிசையும்."

மோனிஷாதான் முதலில் சிரித்தாள். அமர்நாத்துக்கும் அடக்க முடியவில்லை. சுப்புலட்சுமி மட்டும் சிரிக்காமல் சுற்றிலும் தேயிலையைப் பார்த்து, "இப்போ அது எங்க நிக்கறது?" என்று கேட்டு, பதில் வருவதற்குள் ஜீப்பில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

கத்தரீனாள் நல்ல சேலை உடுத்தி, இடது கையால் வராந்தாவைக் கூட்டி, உடைந்ததையெல்லாம் ஒரு மூலையில் ஒதுக்கி வைத்துவிட்டு வாசலில் நின்றாள். மகளைக் கட்டிக்கொண்டாள். மருமகனை வரவேற்றாள். சம்மந்தியம்மாளைக் கையெடுத்துக் கும்பிடப் போய், ஒரு கை கட்டில் இருந்ததால் ஒற்றைக் கையை நெஞ்சில் வைத்தாள். எல்லாருக்கும் பின்னால் செல்வலட்சுமி குச்சிக் கட்டோடு இறங்குவதைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"செருப்புகூடப் போடாமயா போன?" என்று கேட்டாள்.

"மறந்துட்டேன்."

கத்தரீனாள் அந்தக் கட்டை இடது கையால் பிடித்து இறக்க உதவினாள். பிறகு செல்வலட்சுமியின் கையைப் பிடித்தவாறே சுப்புலட்சுமி பக்கம் திரும்பினாள்.

"சம்மந்தியம்மா, வந்த உடனே சொல்லிருதேன். நான் போன்ல சொன்னது பொய். வருசா வருசம் நாங்க பஜார்ல வாங்குறதுதான். இந்த வருசம்தான் செஞ்சது. அதுவும் நான் செய்யல. எல்லாம் இவ செஞ்சா. யானை தின்னதுக்கு இவளைத்தான் காலையில பேசக்கூடாததைப் பேசிட்டேன். மோனிஷாவைப் பெத்தது நான். வளத்தது இவ. அதை மறந்து பேசிட்டேன்."

செல்வலட்சுமி, "விடுங்கக்கா, வந்தவுக நிக்காக" என்றாள். ஆனால் கையை எடுக்கவில்லை.

சுப்புலட்சுமி கண்ணாடியைக் கழற்றிச் சால்வையில் துடைத்தாள். "நானும் ஒண்ணு சொல்லிடறேன்" என்றாள். "எங்காத்துல கோலம் போடறது வேலைக்கு வர்ற பொண்ணு. அப்பளம் சந்தையில வாங்கறது. முப்பது வருஷம் போஸ்டாபீஸுக்குப் போயிண்டிருந்தவ நான், எனக்கு எங்கே நேரம்? மாலை மட்டும் தொடுக்கத் தெரியும். முதல்ல பேசறச்சே சம்மந்திகிட்ட என்ன பேசறதுன்னு தெரியலை. வாய்க்கு வந்ததைச் சொன்னேன்."

மோனிஷா சிரிப்பை அடக்கச் சுவரில் சாய்ந்து நின்றாள்.

"அதோட இருந்திருக்கலாம்" என்று சுப்புலட்சுமி தொடர்ந்தாள். "நீங்க எல்லாம் கையால பண்ணுவேள்னு சொன்னதும், நான் மட்டும் எப்படிக் கடையில வாங்கிண்டு வர்றது? அதனால இதைப் பின்னினேன்." பையிலிருந்து ஒரு நீல ஸ்வெட்டரை எடுத்து விரித்தாள். உடம்பெல்லாம் சரியாக வந்திருந்தது. இடது கை மட்டும் தலையணை உறை மாதிரி அகலமாக இருந்தது. "பிரிச்சுப் பிரிச்சுப் பின்னினேன். இந்தக் கை மட்டும் வழிக்கு வரலை. நீங்க போட்டுக்க வேண்டாம். சும்மா வச்சுக்கோங்கோ."

கத்தரீனாள் அந்த ஸ்வெட்டரைக் கண்ணால் அளந்தாள். கை முறிந்த நாளிலிருந்து அவள் ஸ்வெட்டர் போடவே இல்லை. எந்த ஸ்வெட்டரின் கையிலும் மாவுக்கட்டு நுழையவில்லை. டிசம்பர்க் குளிருக்குத் துண்டைத்தான் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"செல்வி, இதை முன்னும் பின்னுமாத் திருப்பிப் போட்டா என்ன?"

செல்வலட்சுமி ஸ்வெட்டரைத் திருப்பினாள். இடது கை வலது பக்கம் வந்தது. மாவுக்கட்டு உள்ளே சுகமாக நுழைந்தது. கழுத்து மட்டும் முன்னால் ஏறித் தொண்டையை மூடியது.

"இந்தக் குளிருக்கு அது நல்லதுதான்" என்றாள் கத்தரீனாள். சாப்பாடு முடியும்வரை அதைக் கழற்றவில்லை. அதன்பிறகும் கழற்றவில்லை.

மத்தியானம் எல்லாரும் வராந்தாவில் உட்கார்ந்தார்கள். செல்வலட்சுமி தேயிலைக் குச்சிகளை நட்டு, ஒன்றோடொன்று பின்னி, குடிலின் சுவரும் கூரையும் எழுப்பினாள். தொழிற்சாலையில் கூட்டி ஒதுக்கிய தேயிலைத் தூசியைத் தரையில் பரப்பினாள். வைக்கோலும் கரும்பும் எங்கும் வைக்கவில்லை. முனீஸ்வரன் தேயிலைக்குள் கிடந்த ஸ்டாரைத் தேடி எடுத்து வந்தான். ஒரு பக்கம் தட்டையாகியிருந்தது. சட்டத்தைப் பிரித்து, ஒடிந்த மூங்கிலை மாற்றி, இழுத்துக் கட்டினான். இந்தத் தடவை இரண்டு முனை மொண்ணையாக வந்தது. மோனிஷா கிழிந்த தாளுக்குப் பதில் புதுத் தாள் ஒட்டி, கோணி ஊசியை எடுத்துக்கொண்டாள்.

சுப்புலட்சுமி தேயிலைப் பூவை மடியில் கொட்டி, ஒன்றை எடுத்து முகர்ந்தாள். "வாசனை இருக்கே" என்றாள். காம்பு குட்டை, விரலால் தொடுக்க வரவில்லை. ஊசியில் கோத்தாள். முதல் சரம் முடிந்ததும் கத்தரீனாள் அதை வாங்கித் தன் கழுத்தருகே பிடித்துப் பார்த்தாள். கொழுந்து எடுக்கும் இடத்தில் பூத்தால், கொழுந்து குறையும் என்று திட்டு விழும் பூ அது.

அமர்நாத்துக்கு என்ன வேலை கொடுப்பது என்று தெரியாமல் உடைந்த பொம்மைகளை ஒட்டச் சொன்னார்கள். சூசையப்பருக்குக் கை ஒட்டினான். மாடு ஒட்டவில்லை. மிச்சமிருந்த வெள்ளித் தாளைக் கசக்கி, உருட்டி, நூல் சுற்றி, மாட்டுக்குப் பதிலாக ஏதோ செய்து நிறுத்தினான்.

"என்னது அது?" என்றான் முனீஸ்வரன்.

"யானை."

"பன்னி மாதிரி இருக்கு."

"இருங்க, தும்பிக்கை இன்னும் வைக்கலை."

தும்பிக்கை வைத்த பிறகு அது பன்றிக்குத் தும்பிக்கை வைத்த மாதிரி இருந்தது. ஆனாலும் அதைக் குடிலுக்குள் ஆடுகளின் பக்கத்தில் நிறுத்த வேண்டும் என்று கத்தரீனாளே சொன்னாள்.

பரிசுதான் இல்லாமல் போயிற்று. வெல்லமும் கடலையும் தீர்ந்துவிட்டன. சுப்புலட்சுமி உள்ளே போய் ஒரு பெரிய தகர டப்பாவைத் தூக்கி வந்தாள். நேந்திரங்காய் வறுவலும், வெல்லப்பாகில் புரட்டிய சர்க்கரை வரட்டியும் நிறைய இருந்தன. பாலக்காட்டில் கடையில் வாங்கியது என்று தானே சொன்னாள். வெள்ளித் தாளில் பை மடித்து, நிரப்பி, சிவப்பு நூலால் கட்டினார்கள். கட்டி முடித்ததும் செல்வலட்சுமி முதல் வேலையாகக் கூடையை உள்ளே கொண்டுபோய்ப் பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

வெயில் சாய்ந்ததும் கரோல் குழு மேளத்தோடு லயத்துக்கு வந்தது. முனீஸ்வரன் சுவிட்சைப் போட்டான். வராந்தா முழுக்கப் புள்ளி புள்ளியாக ஒளி. பிள்ளைகள் அதைக் கையில் பிடிக்கப் பார்த்தார்கள். ஒவ்வொருத்தருக்கும் ஒரு பை கொடுக்கப்பட்டது. அமர்நாத் எல்லாவற்றையும் வீடியோ எடுத்து, காலையில் லயத்துக்காரர் ஒருவர் எடுத்த சின்னையன் படத்தையும் சேர்த்து, வீட்டு குரூப்பில் போட்டான்.

ஒரு பாட்டு முடிந்ததும் சுப்புலட்சுமியின் போன் அடித்தது. துரைசுவாமி. அவள் கொஞ்சம் தள்ளிப் போய்ப் பேசினாள். அவர் பேசியது எல்லாருக்கும் கேட்டது.

"யானையா? அங்கேயா? நிஜ யானையா?"

"பின்னே பொம்மை யானையா குடிலைத் தின்னும்? இப்போ இல்லை. ஆத்துக்கு அந்தப் பக்கம் போயாச்சு."

"நீ சொல்றது எதையும் நம்பறதுக்கில்லை. மோனிஷாகிட்ட போனைக் குடு."

சுப்புலட்சுமி அப்படியே நின்றாள். பிறகு போனை நீட்டினாள். மோனிஷா வாங்கினாள். செல்வலட்சுமி போய்ப் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

"சொல்லுங்கோ" என்றாள் மோனிஷா. கல்யாணமான இந்த ஐந்து மாதத்தில் அவள் அவரிடம் பேசும் முதல் வார்த்தை.

துரைசுவாமி, "எல்லாரும் உள்ளே படுத்துக்கோங்கோ. கதவுக்குத் தாழ் போட்டுக்கோங்கோ. பூசைக்குப் போறதா இருந்தா தனியாப் போகாதேங்கோ, ஜீப்புல சேர்ந்து போங்கோ. உன் மாமியாருக்குப் பயம்னா என்னன்னு தெரியாது, நீதான் பாத்துக்கணும்" என்றார். பிறகு, "அந்த வெள்ளி யானையை யார் பண்ணினது?"

"அவர்தான்."

"யானை மாதிரியே இல்லைன்னு சொல்லு."

மோனிஷா சிரித்தாள். சிரிப்போடு கண்ணும் நிறைந்தது. "சொல்றேன்" என்றாள். "நீங்க சாப்பிட்டாச்சா?"

அதற்கு அவர் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. கரோல்காரர்கள் அடுத்த பாட்டைத் தொடங்கியிருந்தார்கள். மோனிஷா போனைக் காதோடு அழுத்தியபடி வராந்தாவின் கோடிக்கு நடந்தாள். செல்வலட்சுமி அவளைப் பேச விட்டுவிட்டு, பாட வந்தவர்களுக்கெல்லாம் டீ போட உள்ளே போனாள். கத்தரீனாள் ஸ்வெட்டரை முன்பின்னாகப் போட்டுக்கொண்டே பின்னால் வந்து, இடது கையால் டம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள்.